மஞ்சள் பூசிய மூன்று பேர்

ஐந்து நிமிடக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காப்புறுதி விற்க மறிப்பவரும் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்கிறார், தேக்கா சந்தையில் மீன் வெட்டி வாங்குவதற்குள் மருமகள் கதையைத் தொடங்கிவிடுகிற பக்கத்து வீட்டம்மாவும் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர்களெல்லாம் இந்த இனத்தின் சில்லறைக் கிளைகள். தலைமைக் கிளையைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் ஒரு மருத்துவக் கல்லூரியின் நான்காவது மாடிக்கு வர வேண்டும். மின்தூக்கியை விட்டு இறங்கி, நகலெடுக்கும் அறையைத் தாண்டி, யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே உயிரோடிருக்கும் ஒரு செடியையும் தாண்டினால், 'புள்ளியியல் ஆதரவுச் சேவை' என்று பலகை மாட்டிய கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்திருப்பவள் ரபியா. அவளைத் தேடி வருகிறவர்தான் நம் ஆள்: ஆராய்ச்சி செய்யும் டாக்டர்.

ரபியாவின் வேலையை அவளுடைய சொந்தக்காரர்களுக்கே விளக்கி முடிந்ததில்லை. தோ பாயோவில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்வீட்டுக்காரர் முத்துராமன், அவளுக்கு எண்களோடு வேலை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் இந்த வாரம் நாலு நம்பர் லாட்டரியில் எது விழும் என்று தணிந்த குரலில் கேட்கிறார். உண்மை இவ்வளவுதான்: மருத்துவர்கள் நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்து எண்களைக் கொண்டுவருவார்கள். அந்த எண்கள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்று ரபியா சொல்வாள். முதல் பாதியைக் கேட்க எல்லோருக்கும் ஆசை. இரண்டாம் பாதிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நம் ஆளின் வழக்கங்களில் முதலாவது, ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒருபோதும் வர மாட்டார். வீட்டைக் கட்டி, வண்ணம் பூசி, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, வந்த விருந்தாளிகளெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அஸ்திவாரம் போதுமா என்று ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லுங்கள் என்று பொறியாளரைக் கூப்பிடுவதைப் போல, இரண்டு வருஷம் நோயாளிகளைச் சேர்த்து, அளந்து, எழுதி, தாதிகளை விரட்டி, எல்லாம் முடிந்து, மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதிக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலு ஐம்பதுக்கு வருவார். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று அப்போதுதான் கேட்பார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ரபியா திருப்பிக் கேட்பாள். எழுபத்திரண்டு என்பார். சரி, எழுபத்திரண்டு போதும் என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்பார்.

ஆலோசனைக்கு ஒரு படிவம் உண்டு. 'உங்கள் ஆய்வின் கேள்வி என்ன?' என்ற இடத்தில் நம் ஆள் 'பேசியபடி' என்று எழுதுவார். யாரோடு பேசியபடி? அது படிவத்துக்கும் தெரியாது. 'எதிர்பார்க்கும் முடிவு?' என்ற இடத்தில் ஒருவர் 'ஆம்' என்று எழுதியிருந்தார். ரபியா அதைப் பிரதி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பிறகு கோப்பு. எக்செல் கோப்பு. அதன் பெயர் 'கடைசி' என்று தொடங்கி, 'கடைசி புதியது', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி மார்ச்' என்று வளர்ந்து, ஜூலை மாதம் ரபியாவின் மின்னஞ்சலுக்கு வந்து சேரும். திறந்தால் கண் கூசும். பச்சை, நீலம், ரோஜா, மஞ்சள். கணினி எண்ணைப் படிக்கும், எழுத்தைப் படிக்கும், ஆனால் நிறத்தைப் படிக்காது என்பதை ரபியா இந்த ஆறு வருஷத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்? கேட்டுக்கொள்வார்கள். தலையாட்டுவார்கள். அடுத்த முறை ஊதாவும் சேர்ந்திருக்கும்.

இவ்வளவும் எதற்காக? பி-வேல்யூ என்று ஓர் எண்ணுக்காக. ஒரு மருந்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலாக இப்படியொரு வித்தியாசம் எவ்வளவு எளிதில் தென்பட்டிருக்கும் என்று சொல்லும் எண் அது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே போனால் மாநாட்டில் மேடை, மைக், கழுத்தில் அட்டை. மேலே போனால், பரீட்சையில் நாற்பத்தொன்பது வாங்கிய பிள்ளையைப் பார்க்கும் தகப்பனின் முகம். ஆராய்ச்சி மனிதரின் இரண்டு வருஷ உழைப்பும் அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைப் பிசையும்.

டாக்டர் ஆர்னால்ட் இந்த இனத்தின் நல்ல மாதிரி. நல்ல மாதிரி என்றால், நல்ல மனிதரும்கூட. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றும் அறுவை மருத்துவர். மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். பங்கு மக்களில் யாருக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பவர். ரபியாவைப் பார்க்க வரும்போதெல்லாம் கையில் ஒரு கோப்பி கொண்டுவருவார், பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழாய் சொருகி. ரபியா கோப்பி குடிப்பதில்லை என்ற தகவல் ஆறு வருஷமாக அவரிடம் போய்ச் சேரவில்லை. நோன்பு மாதத்திலும் கொண்டுவந்திருக்கிறார்.

முதல் அறுபது நிமிடம் இலவசம் என்பது துறையின் விதி. ஆர்னால்ட் ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார். அடுத்த வாரம் அதே ஆராய்ச்சி, வேறு தலைப்பில், புதிய முதல் மணி நேரத்தோடு வரும்.

அந்த வியாழக்கிழமையும் நாலு ஐம்பதுக்குத்தான் வந்தார். ரபியா கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"ரபியா, அஞ்சே நிமிஷம் லா. எல்லாம் ரெடி. பி மட்டும் போட்டுக் குடுங்க."

ரபியா கைப்பையைக் கழற்றினாள்.

ஆராய்ச்சி எளிமையானது. பாதத்தில் ஆறாத புண்ணோடு வந்த எழுபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குப் புதுவகைக் கட்டு, பாதிப் பேருக்கு வழக்கமான கட்டு. பன்னிரண்டாவது வாரம் வந்து காட்ட வேண்டும். ஆறியதா, இல்லையா? அவ்வளவுதான். ரபியா கணக்கைப் போட்டாள். புதுக் கட்டில் முப்பத்தாறு பேரில் இருபத்துநான்கு பேருக்கு ஆறியிருந்தது, பழைய கட்டில் பதினாறு பேருக்கு. திரையில் எண் வந்தது: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து எட்டு.

ஆர்னால்ட் நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"நீங்க மஞ்சளை எடுக்கல," என்றார்.

"என்ன மஞ்சள் டாக்டர்?"

"மூணு பேர் மஞ்சள் அடிச்சிருக்கேன் பாருங்க. அவங்க கணக்குல இல்ல."

ரபியா கோப்பைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டாவது, முப்பத்து மூன்றாவது, நாற்பத்தொன்றாவது வரிசைகள், பொங்கலுக்கு மஞ்சள் பூசிய நிலைப்படிபோல இருந்தன. அவளுக்குப் பெயர்கள் தெரியாது, தெரியக்கூடாது என்பது விதி. எண், வயது, ஆணா பெண்ணா, எந்தக் கட்டு. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அந்த மூன்றையும் நீக்கிவிட்டு, அவருடைய மனநிறைவுக்காக, ஒருமுறை ஓட்டிக் காட்டினாள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று ஏழு.

ஆர்னால்ட் பெருமூச்சு விட்டார். கோயிலில் நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்புகிறவரின் முகம் வந்துவிட்டது அவருக்கு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும், புள்ளியியல் சரிபார்க்கப்பட்டது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இது என்று ஒரு தாளையும் நீட்டினார். ரபியா பேனாவை எடுத்தாள். எடுத்தவள், கோப்பை ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டினாள். அது அவள் பழக்கம். கையெழுத்துக்கு முன் காலிக் கட்டங்களை எண்ணுவாள்.

"கடைசி வாரம் வராதவங்க மொத்தம் ஏழு பேர் இருக்காங்க டாக்டர். மூணு பேருக்குத்தான் மஞ்சள். மத்த நாலு பேரு?"

"அவங்க பழைய கட்டு."

"அதனால?"

"வரலைன்னா ஆறலைன்னு அர்த்தம் லா. ஆறாதவங்களோட சேர்த்திருக்கேன்."

"புதுக் கட்டுல வரலைன்னா?"

"ஆறிடுச்சுன்னு அர்த்தம்," என்றார் ஆர்னால்ட், தயக்கமே இல்லாமல். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நான் அப்படிப் போடல பாருங்க. நேர்மையா இருக்கணும்ல? சும்மா எடுத்துத்தான் விட்டேன்," என்றார்.

சிரிக்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. இதுதான் இந்த இனத்தின் மிகப் பெரிய அற்புதம். திருடுகிறவனுக்குத் தான் திருடுகிறோம் என்று தெரியும், கதவைப் பார்த்துக்கொள்வான். நம் ஆளுக்கு அந்தக் கவலையே கிடையாது. நள்ளிரவில் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்து, தனக்குப் பிடித்த பிள்ளைக்கு மட்டும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடும் ஆசிரியரின் பாசத்தோடு, கணினியின் எலிக்குட்டியை மூன்று முறை அழுத்தி மூன்று பேருக்கு மஞ்சள் பூசியிருக்கிறார். கை செய்தது. மனசாட்சிக்குத் தகவல் போகவில்லை.

ஆராய்ச்சித் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரபியா கேட்டாள். அது பழைய ஆராய்ச்சி ஒன்றிலிருந்து அப்படியே எடுத்தது, தான் படித்ததில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ரபியா படித்தாள். கடைசி வாரம் வராதவர்களை மூன்று முறையாவது தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும், அப்படியும் தெரியாவிட்டால் ஆறாதவராகவே எண்ண வேண்டும், இரண்டு கட்டுக்கும் ஒரே விதி. கீழே ஆர்னால்டின் கையெழுத்து, தேதியோடு.

"யாராச்சும் ஃபோன் பண்ணாங்களா டாக்டர்?"

ஆர்னால்ட் கோப்பிப் பையைப் பார்த்தார். உறிஞ்சுகுழாயைச் சரிசெய்தார்.

"ஏழு பேர்தான். நாளைக்குக் காலைல உங்க கோஆர்டினேட்டர் சுஷ்மிதாவை அனுப்புங்க," என்றாள் ரபியா. "நான் இங்கேயே இருக்கேன். வந்த பதிலை வெச்சுப் போட்டுத் தர்றேன். அதுக்குக் கையெழுத்துப் போடுறேன்."

"புள்ளி பூஜ்யம் ஏழாகிடுச்சுன்னா? பி மேல போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும்."

"உங்களுக்கு என்ன, சொல்லிட்டீங்க," என்றார் ஆர்னால்ட் வருத்தத்தோடு. துறையில் ஒவ்வோர் ஆலோசனைக்குப் பிறகும் டாக்டர்கள் அவளுக்கு நட்சத்திரம் போடுவார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. வருஷக் கடைசியில் துறைத் தலைவர் அதை எண்ணுவார். அதை அவர் சொல்லவில்லை. அவள் நினைத்துக்கொண்டாள். கையெழுத்துத் தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ரயிலில் தோ பாயோ வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அந்த மஞ்சள் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த இனத்தைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் வேலை மட்டும் அல்ல. அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

அவளைப் பெற்ற அத்தா ஒலி முகம்மது. டன்லப் தெருவில் முப்பது வருஷம் கடை நடத்தியவர். சர்க்கரை வந்ததும் அரசாங்கப் பாலிகிளினிக்கில் ஒரு சிறிய கையேடு கொடுத்தார்கள், தினமும் விரலில் குத்தி அளந்து எழுத. அத்தா அளப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். முதல் முறை, இங்கத்துக் கணக்கில் கூடுதலான பதினான்கு காட்டினால், மெஷின் சூடாக இருக்கிறது என்பார். ஃபேனுக்கு அடியில் வைத்து, அடுத்த விரலில் குத்தி, பதின்மூன்று வந்தால், அது கட்டைவிரல், கட்டைவிரலில் எப்போதும் கூடத்தான் காட்டும் என்பார். கையைக் கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்றாவது விரலில் பதினொன்று வந்தால் அதை அழகான கையெழுத்தில் எழுதுவார். எந்த விரலும் ஒத்துழைக்காத நாளில் ஒன்றும் எழுத மாட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பிரியாணி சாப்பிட்டு வரும் அன்றெல்லாம் தவறாமல் பேட்டரி தீர்ந்தது. பாலிகிளினிக் டாக்டர் கையேட்டைப் புரட்டி, அங்கிள் வெரி குட் என்றார். அத்தா அதை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரபியாவும்தான். போன வருஷம் கடைசி மாதக் கையேட்டில் பத்தொன்பது நாள் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை எப்படிப் படிப்பது என்று ஒவ்வொரு செமஸ்டரும் வகுப்பு எடுக்கிறவள், அதைப் பார்த்தாள், மறந்திருப்பார் என்று நினைத்தாள், மூடி வைத்தாள். கேட்கவில்லை.

இப்போது அத்தா போய் எட்டு மாதம் ஆகிறது. கையேடு அவளுடைய அலமாரியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு சுஷ்மிதா வந்தாள். ஆர்னால்டின் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர், இருபத்தைந்து வயது, மூன்று மொழியில் ஃபோன் பேசுகிறவள், மூன்றிலும் திட்டு வாங்கியவள். ரபியாவின் எதிரில் உட்கார்ந்து, நம்பர் மட்டும் சொல்லிவிட்டு அழைத்தாள். பன்னிரண்டாம் எண்காரர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். கால் எப்போதோ ஆறிவிட்டது, ஆறிய காலைக் காட்ட எதற்கு ஒரு நாள் லீவு என்று கேட்டார். முப்பத்து மூன்றாம் எண்காரருக்கு வேறு மருத்துவமனையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஐம்பதாம் எண் ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா. பழைய கட்டு. புண் ஆறிவிட்டது, ஆனால் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் எப்படி வருவது என்று சுஷ்மிதாவைப் பத்து நிமிடம் வறுத்தெடுத்தார். சுஷ்மிதா ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். பழைய கட்டில் இன்னொருவர் ஜூரோங்கில் மகள் வீட்டுக்கு மாறிப் போயிருந்தார். அவருக்கும் ஆறிவிட்டது. மற்ற இருவருக்கு ஆறவில்லை.

கடைசியாக நாற்பத்தொன்று. சுஷ்மிதா தமிழில் பேசத் தொடங்கினாள், நடுவில் குரலைத் தாழ்த்தினாள், "சாரி அக்கா," என்றாள், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆர்னால்ட் உள்ளே வந்தார், கையில் கோப்பியோடு. சுஷ்மிதா ஃபோனை மார்போடு பொத்திக்கொண்டு சொன்னாள்.

"நாப்பத்தொன்னு இறந்துட்டார் டாக்டர். பத்தாவது வாரத்துல. மகள் பேசுறாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து யாருமே கேக்கலன்னு சொல்றாங்க."

ஆர்னால்ட் தன் கோப்பில் பெயரைப் பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. கோப்பிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அச்சுப்பொறியின் மேல் வைத்தார்.

"சுகர் பேஷண்ட் லா," என்றார் ரபியாவிடம். "ஒவ்வொரு தடவையும் சிராங்கூன் ரோட்டுலேர்ந்து எனக்கு லட்டு வாங்கிட்டு வருவார். நான் சாப்பிடக் கூடாது டாக்டர், நீங்களாச்சும் சாப்பிடுங்கன்னு."

பிறகு கையை நீட்டி சுஷ்மிதாவிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், யாரும் தண்ணீர் ஊற்றாத செடிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார், சில சமயம் தலையாட்டினார், ஒருமுறை கையால் கண்ணைத் தேய்த்தார். ஐந்து நிமிடக்காரர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது ரபியா. எண்ணுவது அவள் தொழில்.

அவர் திரும்பி வந்தபோது கணக்கு தயாராக இருந்தது. ஏழு கட்டமும் நிரம்பிவிட்டது. புதுக் கட்டில் ஆறியவர் இருபத்தைந்து. பழைய கட்டில் பதினெட்டு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது.

ஆர்னால்ட் திரையைப் பார்த்தார். அவருக்குள் ஒரு போராட்டம் நடந்தது. அது முகத்தில் தெரிந்தது. மனிதர் ஜெயிப்பாரா, இனம் ஜெயிக்குமா?

"வெற்றியை நோக்கிப் போகிற போக்கு தெரிகிறது அப்படின்னு எழுதலாமா?" என்றார்.

"எந்தப் பக்கம் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்றாள் ரபியா. "நேத்து நூத்துக்கு அஞ்சே முக்காலா இருந்துச்சு. இன்னைக்கு ஒன்பது. போக்குன்னா இதுதான் போக்கு."

சுஷ்மிதா கணினிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆர்னால்டும் சிரித்துவிட்டார். கையெழுத்துத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். எழுபத்திரண்டு பேர், ஒருவரும் விடுபடவில்லை, புதுக் கட்டு சிறந்தது என்று இந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சுருக்கத்தில் எழுதினார். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத அவருக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பல்லைப் பிடுங்க உட்கார்ந்தவரைப் போல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே எழுதினார். ரபியா கீழே கையெழுத்திட்டாள்.

அவருக்கு மேடை கிடைக்கவில்லை. சுவரொட்டி கிடைத்தது. மாநாட்டின் கடைசி நாள், கூடத்தின் கடைசி வரிசை, கோப்பி மேசைக்குப் பக்கத்தில். கோப்பிக்கு வந்தவர்களெல்லாம் படித்ததால் மேடையில் பேசியவர்களைவிடத் தனக்குத்தான் கூட்டம் என்று திரும்பி வந்து சொன்னார். வராதவர்களை என்ன செய்தீர்கள் என்று ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் கேட்டாராம். ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டோம், அது எங்கள் கொள்கை என்று ஆர்னால்ட் சொன்னாராம். பேராசிரியர் கைகுலுக்கினாராம். யாருடைய கொள்கை? கொள்கை இடம் மாறிப் போவது நல்லதுதானே. நட்சத்திரம் எத்தனை போட்டார் என்று கேட்கிறீர்களா? நான்கு. ஐந்தாவதை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டதற்கு, அந்தக் கட்டத்தைத் தான் கவனிக்கவே இல்லை என்றார்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலு ஐம்பதுக்கு, கோப்பியோடு மறுபடி வந்தார். புதிய ஆராய்ச்சி, புதிய கோப்பு. ஐந்தே நிமிடம் என்றார். கோப்பைத் திறக்குமுன்பே, ரபியா, இந்த முறை மஞ்சளே கிடையாது, நீங்களே பாருங்கள் என்று பெருமையோடு சொன்னார். ரபியா திறந்து பார்த்தாள். மஞ்சள் இல்லைதான். இளம்பச்சை.

அவள் பெருமூச்சு விட்டு, கைப்பையைக் கழற்றி வைத்து, மேலிருந்து கீழே காலிக் கட்டங்களை எண்ணத் தொடங்கினாள். இவற்றுக்கெல்லாம் ஒரு ஃபோன் நம்பர் இருக்கிறது, நாளைக்குக் காலையில் சுஷ்மிதா அழைப்பாள், யாராவது எடுப்பார்கள். அலமாரியில் இருக்கும் அத்தா கையேட்டின் அந்தப் பத்தொன்பது கட்டத்துக்குத்தான் எந்த நம்பரும் இல்லை.

போகட்டும். நீங்கள் டாக்டர் அல்ல, உங்களிடம் எக்செல்லும் இல்லை, பி-வேல்யூவை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆகவே இந்தக் கதை உங்களைப் பற்றியது அல்ல. நல்லது. பாலிகிளினிக்கில் ரத்த அழுத்த மெஷினில் கையை நுழைத்து உட்காருகிறீர்களே, முதலில் நூற்று ஐம்பத்தெட்டு வந்தால், வேகமாக நடந்து வந்ததால் என்று கொஞ்சம் உட்கார்ந்து, இரண்டாவது நூற்று நாற்பத்தொன்பது வந்தால், பக்கத்தில் ஆள் பேசியதால் என்று அவரை முறைத்து, மூன்றாவது நூற்று முப்பத்தெட்டு வந்ததும் சட்டென்று எழுந்து அந்தச் சீட்டை மட்டும் கிழித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போகிறீர்களே, மற்ற இரண்டு சீட்டும் எங்கே? பிள்ளைகளிடம் எத்தனை முறை கோபப்பட்டீர்கள், அம்மாவுக்குக் கடைசியாக எப்போது ஃபோன் செய்தீர்கள் என்ற கணக்கில் எந்தெந்த நாளுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறீர்கள்?

அதையும் விடுங்கள். இதைப் படிக்கும்போதே, ஆமாம், இப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருப்பீர்கள். மைத்துனர் ஒன்று, அலுவலக மேலாளர் இரண்டு, எதிர்வீட்டுக்காரர் மூன்று. எத்தனை பேர் வந்தார்கள்? அந்த எண்ணிக்கையில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டுத்தானே எண்ணினீர்கள்?

அவரையும் சேர்த்து ஒருமுறை மறுபடி எண்ணிப் பாருங்கள். ஐந்தே நிமிடம்தான்.